துரைக்கண்ணு கோவித்துக்கொண்டு போகிறார்

துரைக்கண்ணு கோவித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினால் போளூருக்குத்தான் போவார். ஆரணியில் அவர் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வேட்டியை உதறிக் கட்டுவார், சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், "இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா நான் மனுசனே இல்ல" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். அப்புறம் நடையைக் கட்டுவார். போளூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கும் தென்னரசுவின் டீக்கடையில், ஆரணி பஸ் வந்து நிற்கிற இடம் நேராகக் கண்ணில் படுகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நிஜமாகவே காணாமல் போக நினைக்கிற ஆள் இப்படி இடம் பிடிக்க மாட்டான். கூப்பிட்டுக்கொண்டு போக யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான் அவர் போவதே.

கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட வந்தவள் அவர் மனைவி உண்ணாமலை. அடுத்த பஸ்ஸிலோ அதற்கடுத்ததிலோ வந்து இறங்குவாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பாள். குடித்து முடித்து, "தறி சும்மா கீது, வாங்க" என்பாள். கூப்பிட்டதும் எழுந்துவிட்டால் கோபத்துக்கு என்ன மரியாதை? துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னொரு தடவை கூப்பிட்டால், "நான் செத்துட்டேன்னு நெனச்சுக்க" என்பார். மூன்றாம் தடவை உண்ணாமலை கூப்பிட மாட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடப்பாள், இவர் பின்னாலேயே போவார். வீடு வந்து சேரும்வரை பேச்சு கிடையாது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி தறியில் உட்கார்ந்திருப்பார்.

கோபத்துக்குக் காரணம் தேடி அவர் அலைந்ததில்லை. கல்யாண வீட்டில் தன்னை விட்டுப் பக்கத்தில் நின்றவரை முதலில் "வாங்க" என்றார்கள் என்பது ஒரு காரணம். உண்ணாமலை பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது தான் வந்ததைக் கவனிக்கவில்லை என்பது இன்னொரு காரணம். அவருக்கு மனிதர்களில் இரண்டே வகைதான். ஒன்று, அவருக்காக உயிரைக் கொடுப்பவர்கள். மற்றது, முதுகில் குத்துகிறவர்கள். கூடவே தறி நெய்த தனசேகரன் திங்கட்கிழமை முதல் வகையில் இருப்பான், வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் வகைக்குப் போய்விடுவான். கடைசியில் தனசேகரனுக்குச் சலித்துப்போய், எதிரே பார்த்தாலும் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போக ஆரம்பித்தான். முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கை சுத்தமான வேலைக்காரர் என்பதால் எங்கேயாவது நெய்யப் பாவு நூல் கிடைத்துவிடும்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று அவரைக் கேட்டால் பெரணமல்லூரைச் சொல்வார். அப்பா செத்த வருஷம் அம்மா செல்லியம்மாள் அவரைப் பெரணமல்லூரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போனாள். "ஆடிக்கு வரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆடி வந்தது, அவள் வரவில்லை. பையன் தினமும் பஸ் நிற்கிற புளியமரத்தடியில் போய் நின்றான். தீபாவளி கழித்து ஒருநாள் வந்தாள், இரண்டு நாள் இருந்தாள், மறுபடியும் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பன்னிரண்டு வயதில் அவன் பெரியம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிவிட்டான். அது போய் நின்ற இடம் போளூர். சாயங்காலம் தாய்மாமா தேடி வந்து, இரண்டு அறை விட்டு, தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கை தோளில் கிடந்த கனம் துரைக்கண்ணுவுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அறை ஞாபகம் இல்லை.

உண்ணாமலை இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. அதன் பிறகுதான் வீட்டில் இருந்தவர்களுக்கு நிலவரம் புரிந்தது. மகன் சிவகுமார் புடவை எடுத்துக்கொண்டு பெங்களூர்க் கடைகளுக்கு அலைகிறவன், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. பேத்தி வேலூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டுத் தறியில் உட்காருவது மருமகள் துர்கா. முட்டி போய்விட்டதால் துரைக்கண்ணு இப்போது தறியில் இறங்குவதில்லை. துர்காவுக்கு ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பார். தார் சுற்றுவது என்று அதற்குப் பெயர். அவர் ராட்டை நின்றால் சற்று நேரத்தில் அவள் தறியும் நிற்கும். இந்த அளவுக்கு ஒருவரை ஒருவர் நம்பியிருந்த வீட்டில், கோபம் வந்தால் அவர் கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு பறந்துகொண்டிருந்தது.

உண்ணாமலை போன பிறகு முதல் தடவை அவர் போளூருக்குக் கிளம்பியபோது சிவகுமார் பெங்களூரில் இருந்தான். போனிலேயே ஒரு ஆட்டோவை ஏற்பாடு பண்ணி அனுப்பினான். நல்ல மனசோடுதான் செய்தான். டீக்கடை வாசலில் ஆட்டோ வந்து நின்று, "ஆரணி துரைக்கண்ணு யாருங்க?" என்று டிரைவர் கேட்டபோது பெரியவர் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். "பெத்த புள்ள ஆட்டோ அனுப்பறான். நான் இன்னா அரிசி மூட்டையா?" என்று கத்தினார். ஆட்டோவில் ஏறவில்லை. அன்றைக்கு இருட்டுவதற்குள் எப்படியோ வீட்டுக்கு வந்து, கையில் கிடைத்த மாத்திரைகளை விழுங்கிவிட்டார். துர்கா பார்த்துவிட்டதால் பிழைத்தார்.

அதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். வயதானால் இப்படித்தான் எரிச்சல் வரும், தூக்கத்துக்கு எழுதித் தருகிறேன் என்று அவர் அனுப்பிவிட்டார். இந்தத் தடவை அரசு ஆஸ்பத்திரியில், உடம்பு தேறியதும், வியாழக்கிழமைகளில் முதியவர்களை மட்டும் பார்க்கும் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். துரைக்கண்ணு வர மாட்டேன் என்றார். "பைத்தியத்துக்குப் பாக்கற எடத்துல எனுக்கு இன்னா வேலை?" சிவகுமார் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். கையைப் பிடித்தான் என்பதற்காகவே அவர் போனார்.

அங்கே டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஞாபக மறதி இருக்கிறதா என்று பார்த்தார், தூக்கம், பசி, கை நடுக்கம், போளூர்ப் பயணம், உண்ணாமலை எல்லாம் கேட்டார். பிறகு, "இந்த மாதிரி கோபம் வந்து வீட்ட விட்டுப் போறது எந்த வயசுல ஆரம்பிச்சது?" என்றார். "பன்னெண்டு" என்று துரைக்கண்ணு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா இது வயசானதால வந்தது இல்லைங்க ஐயா. சில பேருக்கு மனசு தோல் உரிஞ்ச மாதிரி இருக்கும், லேசா பட்டாலும் எரியும். விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயம் வந்தா தாங்காது. உங்களுக்கு அது சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. இத்தனை நாளும் அதுக்கு டாக்டரு உங்க சம்சாரம்தான்."

துரைக்கண்ணு அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சிவகுமார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா எத்தனை தடவை அந்தப் பஸ்ஸில் போய் வந்திருப்பாள் என்று அவன் அதுவரை யோசித்ததே இல்லை.

மாத்திரை கொஞ்சம்தான் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் பேச்சு. பேச வைத்தவள் லாவண்யா, அந்தப் பிரிவின் ஆலோசகர். முப்பது வயதிருக்கும், பேச்சில் குழைவு கிடையாது, நேரம் தவற மாட்டாள். வியாழக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பெரியவர்களை உட்கார வைப்பாள். யார் என்ன சொன்னாலும் அழுதுவிடும் ஆதிலட்சுமி அங்கே உண்டு. அவள் அழும்போது துரைக்கண்ணுவுக்குக் கோபம் வரும், அவள் வராத வாரம் அதைவிடக் கோபம் வரும். லாவண்யா அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். "கோபம் வந்துடுச்சு, சரி. அது யார் மேலங்க ஐயா? எதிர்ல நிக்கிறவங்க மேலயா, வேற யார் மேலயாவா?" முதல் மாதங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு வீட்டாரையும் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு பண்ணினாள். கோபம் வந்து போளூர் போனால் போகட்டும். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். யாரும் கூப்பிடப் போகக் கூடாது. கோபம் இறங்கியதும் அவரே பஸ் ஏறி வரவேண்டும். வந்தால் சாப்பாடு மூடி வைத்திருக்கும், யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

"வயசானவர கூப்பிடப் போவாம வூட்ல ஒக்காந்திருந்தா தெருவுல இன்னா பேசுவாங்க மேடம்?" என்றாள் துர்கா.

"யாரும் கூப்பிடாத எடத்துக்கு நான் எதுக்கு வரணும்?" என்றார் துரைக்கண்ணு.

"உங்க வீடு. அதனால வரணும்" என்றாள் லாவண்யா.

சொல்வது சுலபம். முதல் தடவையே ஏற்பாடு கவிழ்ந்தது. துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். ஆனால் போளூரில் தென்னரசுவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போனைப் போட்டான். அங்கிருந்து யாரும் கிளம்பவில்லை என்று தெரிந்ததும் எதிர்வீட்டுப் பரசுராமனுக்குப் போட்டான். பரசுராமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து போய்ப் பெரியவரைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். துரைக்கண்ணு ராஜா மாதிரி இறங்கினார். ஊரே சேர்ந்து வைத்தியத்தைக் கெடுத்தால் ஆலோசகர் என்ன செய்வாள்? தென்னரசுவிடம் போனில் பேசினாள்.

"மனுசன் அழுதுகினு ஒக்காந்திருந்தா எப்படி மேடம் சும்மா இருக்கறது?"

"டீ குடுங்க. பக்கத்துல ஒக்காருங்க. போன் மட்டும் பண்ணாதீங்க."

அடுத்த தடவை தென்னரசு அப்படியே செய்தான். துரைக்கண்ணு வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்தார். இறங்கியவர்கள் எல்லோரும் யாரோ. வெயில் சாய்ந்தது, பசித்தது, வேறு வழியில்லாமல் பஸ் ஏறினார். வீட்டில் சோறு மூடியிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்று அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது. இப்படியே மெல்ல மெல்லப் போளூர்ப் பயணம் குறைந்தது. வியாழக்கிழமை மட்டும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பார்.

போளூர் குறைந்தாலும் தட்டு நிற்கவில்லை. பொங்கலுக்கு முன்னால், புடவை பார்க்க ஆட்கள் வந்திருந்தபோது, துர்கா தனக்குக் காபி கொடுக்க மறந்தாள் என்று ஒரு தட்டைச் சுவரில் அடித்தார். வந்தவர்கள் புடவையைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று சிவகுமாரிடம் துர்கா சத்தம் போடவில்லை. "இன்னொரு தட்டு பறந்துச்சுன்னா இந்த வூட்ல ஒண்ணு அவரு, இல்ல நானு" என்றாள். சிவகுமார் வந்தவாசிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் நேராகவே சொன்னான். "நல்லா கீது நைனா. ஞாயித்துக்கெழமைல நான் வருவேன்."

வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களைத் துரைக்கண்ணுவுக்குத் தெரியும். அன்றிலிருந்து சாப்பிடும்போது தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அதைப் பார்க்கத் துர்காவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் லாவண்யாவுக்குச் செய்யாறுக்கு மாற்றல் வந்தது. அவள் மறைக்கவில்லை. வாரா வாரம் வட்டத்தில் சொன்னாள், தனக்குப் பிறகு பாலமுருகன் என்று ஒருவர் வருவார், வியாழக்கிழமை அப்படியே நடக்கும் என்றாள். ஆதிலட்சுமி வாரா வாரம் அழுதாள். துரைக்கண்ணு, "ஒத்தியோகம்னா அப்படித்தான்" என்று பெரிய மனிதராகத் தலையாட்டினார். கடைசி வியாழக்கிழமை லாவண்யா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினாள். இவர் முறை வந்தபோது இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரேன்னு சொல்ல மாட்டேங்க ஐயா. வரமாட்டேன். ஆனா நீங்க இந்த எடத்துக்கு வரணும்" என்றாள். இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் துர்கா சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு வாய் வைத்தார். "இதுல உப்பே இல்ல" என்றார். துர்கா உப்பை எடுத்து வந்து வைத்தாள். "இப்ப எதுக்கு? பண்ணும்போது தெரியாதா? நான் செத்தா போதும்னு கீறீங்க எல்லாரும்!" தட்டு போய்த் தறிக்குழி ஓரத்தில் விழுந்தது. சோறு சிதறி, தறியில் நெய்துகொண்டிருந்த புடவையின் ஓரத்தில் குழம்பு தெறித்தது.

துர்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஈரத்துணியால் புடவையில் பட்டதை ஒற்றி எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். "நான் தெள்ளாருக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போறேன் மாமா. சொல்லிட்டேன்." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் ராட்டைச் சத்தமும் இல்லை, தறிச் சத்தமும் இல்லை. துரைக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதலில், போனவளுக்கு வரத் தெரியாதா என்று நினைத்தார். அப்புறம் வந்தவாசி முதியோர் இல்லம் ஞாபகம் வந்தது. சிதறிய சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் யார் மேல் என்று யாரோ காதில் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டவள்தான் செய்யாறுக்குக் கிளம்பிவிட்டாளே. அவர் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அப்போது உண்ணாமலை நினைவு வந்தது. அவளும் ஒரே ஒரு தடவை கோவித்துக்கொண்டு போயிருக்கிறாள், அண்ணன் வீட்டுக்கு. அன்றைக்கும் இப்படி ஒரு தட்டுதான். இவர் கூப்பிடப் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றவே இல்லை. நாலாம் நாள் அவளாகவே வந்து, வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே வந்தாள். அவள் எந்தப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. துரைக்கண்ணு வாய்விட்டு, "அடிப்பாவி, ஒரு வார்த்த சொல்லலியே" என்று அழுதார். பாவி அவள் இல்லை என்று அவருக்கே தெரியும்.

சோற்றை வழித்துக் கொட்டினார். வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வழியில் பரசுராமன், "இன்னாண்ணே, போளூரா?" என்றார். "இல்ல" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைக் கூப்பிடப் போகிறார்.

தெள்ளாருக்குப் போகிறவர்கள் ஏறும் வந்தவாசி பஸ் நிற்கும் இடத்தில், சிமெண்டுப் பெஞ்சில் துர்கா உட்கார்ந்திருந்தாள். துரைக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. இவ்வளவு நேரத்தில் ஒரு பஸ்ஸாவது போயிருக்கும். ஏறாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு என்ன பொருள் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டீ வாங்கி வரலாமா என்று யோசித்தார். உண்ணாமலை சொல்வதே வாயில் வந்தது.

"தறி சும்மா கீது. வாம்மா."

துர்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் யாராவது கூப்பிட வருவாங்கன்னு ஒக்காரல மாமா. வந்த பஸ்ல ஒக்கார எடமில்ல, எனுக்கு இடுப்பு வலி. அதுக்கோசரம் அடுத்த பஸ்ஸுக்கு ஒக்காந்திருக்கேன்."

எழப்போனவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"நீங்க கோவிச்சுக்கினு போவீங்க. நான் கோவிச்சுக்கல. எனுக்கு முடியல, அவ்ளோதான். ரெண்டு நாளு யாருக்கும் சோறு போடாம, எங்கம்மா கையால துன்னுட்டு வரணும். வர்ற எண்ணம் இப்ப கீது. அங்க போனப்புறம் எப்படின்னு எனுக்கே தெரியாது."

இந்த இடத்தில் பழைய துரைக்கண்ணு என்ன செய்திருப்பார் என்று ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ்ஸுக்கு முன்னால் படுத்திருப்பார். இல்லையென்றால் போளூர் பஸ்ஸில் ஏறியிருப்பார். அவருக்கு இரண்டும் தோன்றின. கை பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. துரைக்கண்ணு எழுந்து, முட்டி வலியோடு, கூட்டத்துக்குள் புகுந்து, ஜன்னல் வழியாகத் தன் துண்டைப் போட்டு ஒரு இடம் பிடித்தார். கண்டக்டர் திட்டினான். "எங்க வூட்டுப் பொண்ணுக்குப்பா, இடுப்பு வலி" என்றார்.

துர்கா உட்கார்ந்து துண்டை ஜன்னல் வழியே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, "உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சாயங்காலம் சிவகுமார் போன் பண்ணினான். "துர்கா எங்க நைனா? போன எடுக்க மாட்டேங்குது." பொய் சொல்ல இடம் இருந்தது. "நான் தட்ட வீசிட்டேன்டா. அது தெள்ளாருக்குப் போயிருக்குது" என்றார். "நீ எங்கியும் போயிடாத நைனா. நான் ஞாயித்துக்கெழம வந்துடறேன்" என்றான் மகன். தான் போய்விடுவோமோ என்று இவனுக்கும் பயம் இருக்கிறது என்பது துரைக்கண்ணுவுக்குப் புதிய செய்தி.

வெள்ளிக்கிழமை முழுக்க வீடு அவரைத் துரத்தியது. மத்தியானம் சட்டையைப் போட்டுக்கொண்டார், கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், வாசல் வரைக்கும் வந்துவிட்டார். போளூர் போனால் யார் தேடுவார்கள்? வீட்டில்தான் யாரும் இல்லையே. தெள்ளாருக்குப் போய் நின்றால் அந்தப் பெண்ணுக்கு அங்கேயும் நிம்மதி இருக்காது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரி அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"ஐயா, பாலமுருகன் பேசறேன். லாவண்யா மேடம் எடத்துல வந்திருக்கேன். நேத்து நீங்க சட்டுனு எழுந்து போயிட்டீங்கன்னு சொன்னாங்க, அதான் எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாம்னு."

நீ யார்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிடத்தான் நினைத்தார். "பயமா கீதுப்பா" என்று வாய் சொல்லிவிட்டது. அந்தப் பையன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இப்போது எங்கே நிற்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, வீட்டில் கை வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பேசி முடித்தபோது துரைக்கண்ணு ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

தார் சுற்றினார். தறி ஓடாதபோதும் ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுத்தார். திறந்திருந்த வாசலில் பரசுராமன் எட்டிப் பார்த்து, "மருமக எங்கண்ணே, கோவிச்சுக்கினு போயிடுச்சா?" என்றார்.

"இல்லப்பா. அம்மா வூட்டுக்குப் போயிருக்குது. வரும்" என்றார் துரைக்கண்ணு. சொல்லிவிட்டு, அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை நினைத்துக் கொஞ்ச நேரம் ராட்டையைச் சுற்றாமல் இருந்தார்.

சனிக்கிழமை வெயில் இறங்கும் நேரத்தில் துர்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்தாள். தறிக்குழி ஓரம் கழுவித் துடைத்திருந்தது. குழம்பு பட்ட புடவை ஓரத்தில் வெள்ளைத் துணி மூடியிருந்தது. தறிக்குப் பக்கத்தில் கூடை நிறைய, மேலே வழிகிற அளவுக்குத் தார். மாமனார் ராட்டையை விட்டு எழாமல் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் வந்தாய் என்றோ, ஏன் இவ்வளவு நேரம் என்றோ கேட்கவில்லை. அடுப்படியில் அவர் வடித்த சோறு மூடி வைத்திருந்தது. குழைந்து போயிருந்தது என்பது வேறு விஷயம்.

"ரெண்டு நாளா எங்க மாமா ஒக்காந்திருந்தீங்க?"

"வூட்லதான்."

"எங்கியும் போவலியா?"

"எங்க போறது? நீ வரும்போது வூட்ல ஒரு ஆளு இருக்க வாணாமா?"

துர்கா அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்தே கணவனுக்குப் போன் பண்ணினாள். "வந்துட்டேன். அந்த வந்தவாசி இல்லத்துக்கு இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, அப்புறம் பாக்கலாம்" என்று அவள் சொன்னது வெளியே கேட்டது. குழைந்த சோற்றை ஒரு தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். பிறகு வந்து தறியில் உட்கார்ந்து, வெள்ளைத் துணியை விலக்கிவிட்டுக் கையை நீட்டினாள். துரைக்கண்ணு கூடையிலிருந்து ஒரு தாரை எடுத்துக் கொடுத்தார்.